கோடையிலேயே கதிர் தள்ளும் கொழுக்கட்டைப் புல்: மேய விடலாமா?

காங்கேயம் பக்கம் 4 ஏக்கர் கொறங்காடு (வேலி கட்டிய மேய்ச்சல் நிலம்). சரளை கலந்த செம்மண், கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள். 2 மாடு, 11 செம்மறி.

மூன்று வருடமாக அதிலுள்ள கொழுக்கட்டைப் புல்லின் காலம் குழம்பிக் கிடக்கிறது. முன்பெல்லாம் ஐப்பசி மழையில் தழைத்து, மார்கழியில் விதை கொட்டும். இப்போது சித்திரையில் ஒரு மழை பெய்தாலே துளிர்த்து, முழங்கால் உயரம்கூட வராமல் கதிர் தள்ளிவிடுகிறது. அப்புறம் வெயிலில் காய்கிறது. கதிரை உள்ளங்கையில் கசக்கினால் பெரும்பாலும் பதர்தான். ஐப்பசி மழை வரும்போது தூரில் தெம்பில்லை. அந்த இடத்தில் பார்த்தீனியக் களை ஏறுகிறது.

முதலில் புது விதை தூவினேன், முளைக்கவில்லை. புதிதாக உருவிய விதை சில மாதம் உறங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. போன வருடம் பழைய விதையைச் சாணத்தில் கலந்து போட்டேன். வேலியோரம் மட்டும் பிடித்தது. ஆட்டுக் கிடை போட்டாயிற்று. 40 நாள் மேய்ச்சலை நிறுத்தியும் பார்த்தாயிற்று.

கோடையில் கதிர் தள்ளியதும் மாட்டை விட்டு மேய்த்துவிட்டால் ஐப்பசிக்குத் தூர் புதிதாகத் தழைக்குமா, இல்லை தொடாமல் விடுவதுதான் சரியா? கொறங்காடு வைத்திருப்பவர்கள் சொல்லுங்க.