புரோகிராம் கோடைக் கொடுத்துவிட்டுக் காசுக்குக் காத்திருந்த கதை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறேன், வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். மூன்று வருஷத்துக்கு முன் டெக்சாஸில் மெஷின்களை வாடகைக்கு விடும் ஒருவர் புக்கிங் சிஸ்டம் கேட்டார். 4,200 டாலர் பேச்சு, முன்பணம் 1,000 வந்தது, காண்ட்ராக்ட் எதுவும் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்தான். அவருக்குக் காலை 10 மணி என்றால் எனக்கு இரவு 11, அங்கே கடிகாரத்தை மாற்றியதும் 12, அப்படியே நாலு மாதம் தூக்கம் கெட்டு முடித்தேன்.

கோடெல்லாம் கிட்ஹப் என்ற ஆன்லைன் கிடங்கில் என் பெயரில் இருந்தது. கடைசி நாள், "கிட்ஹப்பை என் பெயருக்கு மாற்றுங்கள், நாளைக்கே பணம் போடுகிறேன்" என்றார். மாற்றினேன். மறுநாள் பணம் வரவில்லை, அதற்கு மறுநாள் என் லாகினே போகவில்லை.

தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் (ரப்பர்) சீவியவர் அப்பா. அங்கே பாலை எடை போட்டு கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, எழுதிக்கொண்ட பிறகுதான் ஊற்றுவார்கள். கேட்டுவிட்டு, "ஸ்டோருல நிறுத்து கிராணி எழுதுறதுக்கு முன்னாலயே பாலை ஊத்திட்டு வந்துட்டியா?" என்றார், பசியாறப் போய்விட்டார்.

சிறு கோரிக்கை வழக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும்தான். எனக்கு வரவேண்டியதோ அதற்கு மேல், ஆளும் இங்கே இல்லை. சரி, எழுதியவன் நான்தானே, சைட்டைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனிக்கு டிஎம்சிஏ நோட்டீஸ் (அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமைக்காரர் அனுப்பும் புகார்) அனுப்பி சைட்டை இறக்கலாம் என்று பார்த்தால் அங்கேயும் சிக்கல்: நம் 1987 பதிப்புரிமைச் சட்டம் 26ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொல்லிச் செய்வித்த வேலையின் உரிமை செய்யச் சொன்னவருக்கே போய்விடுகிறது. இது தெரியாமல்தான் எட்டு வருஷம் தொழில் செய்திருக்கிறேன்!

இப்போது எவ்வளவு சின்ன வேலையானாலும் "முழுப் பணமும் வந்த பிறகே பதிப்புரிமை மாறும்" என்ற வரிக்குக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். பாதிப் பணம் முன்னால். டெமோ என் சர்வரில் ஓடும், பார்க்கலாம், கோடு போகாது. புது ஆளென்றால் அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளம் வழியாக: பணத்தை எஸ்க்ரோவில், அதாவது தளத்தின் பொறுப்பில், போட்ட பிறகுதான் தொடங்குவேன், வேலையை ஒப்படைத்து 14 நாள் அவர் வாயே திறக்காவிட்டால் தானாக நமக்கு வந்துவிடும். கமிஷன் வலிக்கும்தான்.

காசு தராவிட்டால் சைட் தானே படுத்துவிடுகிற மாதிரி கோடில் எதையாவது ஒளித்து வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் தம்பி, 1997 கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, அப்புறம் நீங்கள்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

டெக்சாஸ்காரர் சைட் இன்னும் ஓடுகிறது. போன வாரம் திறந்து பார்த்தேன், பணம் கட்டும் பக்கத்தில் நான் திருத்தாமல் விட்ட எழுத்துப்பிழை அப்படியே இருக்கிறது.