நிலாவெளி வளவில் பன்னிரண்டு கோழிகள்: எந்த இனம், மீன் கழிவைத் தீனாகக் கொடுக்கலாமா?

கேள்வி: நிலாவெளிவாசி

வணக்கம். ஓய்வு பெற்றபின் நிலாவெளியில் உள்ள எங்கள் வளவில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் வளர்க்க எண்ணியிருக்கிறேன். நாளொன்றுக்கு ஆறேழு முட்டை கிடைத்தால் எங்கள் வீட்டுக்கும் அயலில் உள்ள தங்கை வீட்டுக்கும் போதும். விற்கும் நோக்கம் இல்லை. கரைவலை இழுக்கும் இடம் நடக்கும் தூரத்தில் இருப்பதால் பொடிமீனும் தலையும் குடலும் அநேகமாக இலவசமாகவே கிடைக்கும். அதையே பிரதான தீனாகக் கொடுத்துச் செலவைக் குறைக்கலாம் என்பது என் கணக்கு.

ஆனால் ஒரு சந்தேகம். அயல்வீட்டு அக்கா அன்பாகக் கொடுத்தனுப்பிய ஆறு சிவப்புக்கோழி முட்டைகளைப் பொரித்தபோது அவற்றில் இரண்டு மட்டும் குசினி முழுவதும் மீன் வெடில் வீசும்படி இருந்தன. அவரும் மீன் கழிவுதான் போடுகிறார். எல்லாக் கோழிகளும் ஒரே தீனைத்தான் தின்கின்றன என்றால், ஏன் இரண்டு முட்டைகளில் மட்டும் அந்த மணம்? இனத்தைத் தெரிவு செய்யும்போது இதையும் கவனிக்க வேண்டுமா?

மறுமொழி 1: தம்பலகாமம் வயல்காரன்

ஐயா, அந்த இரண்டு முட்டைகளும் பெரும்பாலும் ஒரே கோழி இட்டவையாக இருக்கும். மீனை உண்ணும் கோழியின் உடலில் ட்ரைமெத்திலமைன் என்ற மணமுள்ள பொருள் சேர்கிறது. பெரும்பாலான கோழிகளின் ஈரலில் உள்ள ஒரு நொதியம் அதை மணமற்றதாக மாற்றிவிடும். கபில நிற முட்டையிடும் வம்சங்களில் சில கோழிகளுக்கு அந்த நொதியம் பிறவியிலேயே குறைபாடாக அமைந்துவிடுவதால், மணம் அப்படியே மஞ்சட்கருவுக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே குற்றம் அக்காவின் கைப்பக்குவத்திலும் இல்லை, மீனில் மட்டுமும் இல்லை. வெள்ளை முட்டையிடும் லெகோன் கோழிகளில் இந்தத் தொல்லை அரிது.

அதற்காக மீனைப் பிரதான தீனாக்குங்கள் என்று சொல்லமாட்டேன். மீன் தருவது புரதத்தை. முட்டையிடும் பேட்டுக்குத் தீனில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருந்தால் போதும், மிச்சம் தானியச் சத்தாக இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் 3.5 முதல் 4 சதவீதம் வரை தேவை. ஒரு பேடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 முதல் 120 கிராம் தீன் உண்ணும் என்று கணக்கிட்டு, அதன் பெரும்பகுதியைக் கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீனாகக் கொடுத்து, அவித்த பொடிமீனைக் கைப்பிடியளவில் மட்டும் சேருங்கள். சிப்பி ஓடு உங்களுக்குக் காலடியில் கிடைக்கிறது. கழுவிக் காயவைத்து, அரிசிப் பருமனுக்கு உடைத்து, தனிச் சட்டியில் வைத்தால் கோழியே தேவைக்கேற்பக் கொத்திக்கொள்ளும். கருவாட்டுத் தூளை மட்டும் மறந்தும் போடாதீர்கள். தீனில் உப்பு அரைச் சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கோழி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், எச்சம் தண்ணீராகும், குஞ்சுகள் செத்தும் போகும்.

இனத்துக்கு வருவோம். முட்டை ஒன்றே குறியென்றால் கலப்பினக் கபிலக் கோழிகளை மிஞ்ச எதுவும் இல்லை. நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் அவற்றின் குஞ்சுகள் தாயைப்போல் இடா. அவை அடை கிடப்பதும் அரிது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர்க்கோழியோ ஒரு ஈட்டில் பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடை கிடக்கும். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் அறுபதைத் தாண்டுவது அபூர்வம். நீங்கள் வளவில் பெருக்கிக்கொள்ளவும் விரும்பினால், தூய இனமான ரோட் ஐலன்ட் ரெட்டில் ஒரு சேவலும் எட்டுப் பேடுகளும், அடைகாப்பதற்கென்று இரண்டு ஊர்ப்பேடுகளும் என்பதே என் தெரிவு. அந்த இனத்திலும் மீன் மணக்கும் பேடு ஒன்று வரலாம். எந்தக் கோழி எந்த முட்டையை இடுகிறது என்று சில நாள் கவனித்து, அந்தப் பேட்டின் முட்டையை அடைக்கு வைக்காமல் விட்டால் குறைபாடு அடுத்த தலைமுறைக்குப் போவது குறையும்.

மறுமொழி 2: உப்புவெளி ஆசிரியை

அண்ணா சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் வெயிலை மறந்துவிட்டார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே வெப்பம் 35 பாகை செல்சியஸை எட்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். அதிகம் இளைத்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, முட்டை ஓட்டுக்கு வேண்டிய காபனேற்று (கார்பனேட்) என்ற பொருளும் குறைகிறது. அதனால்தான் வைகாசி, ஆனியில் எவ்வளவு சிப்பி கொடுத்தாலும் ஓடு தாள்போல் மெலிகிறது. பெரிய கொண்டையுள்ள லெகோனும், கழுத்தில் இறகில்லாத ஊர்க்கோழியும் இந்தச் சூட்டை நன்றாகத் தாங்கும். லெகோன் வேலி பாயும் என்பதால் ஒரு பக்கச் சிறகின் இறகுகளை மட்டும் வெட்டிவிட வேண்டும்.

கூட்டின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக அமையட்டும். தகரக் கூரையானால் மேலே கிடுகு போடுங்கள். வாடைக்காற்றோடு மாரி தொடங்குமுன் வடக்குப் பக்கத்துக்குச் சுருட்டி விடக்கூடிய சாக்குப் படங்கு கட்டாவிட்டால், தரையிலிட்ட உமி நனைந்து, குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வந்துவிடும்.

மறுமொழி 3: மூதூர் வீட்டுத் தோட்டம்

இனம் எதுவானாலும், வெளியிலிருந்து வாங்கிய கோழியைக் கொண்டுவந்த அன்றே பழைய கோழிகளோடு விடாதீர்கள். சென்ற மாரியில் நான் சந்தையில் இரண்டு பேடுகள் வாங்கி அன்று மாலையே கூட்டில் அடைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் ஒன்று கழுத்தைப் பின்புறமாக முறுக்கிக்கொண்டு வட்டமாகச் சுற்றியது. எச்சம் பச்சை நிறமாக இருந்தது. அந்தக் கிழமைக்குள் பதினொன்றில் ஒன்பது போய்விட்டன. அது ராணிக்கெட் நோய் என்று கால்நடை வைத்தியர் சொன்னார்; வந்தபின் மருந்தில்லை, முன்கூட்டியே ஊசியோ சொட்டு மருந்தோ கொடுத்திருக்க வேண்டும் என்றார். இப்போது புதிய கோழி எதுவாயினும் இரண்டு கிழமை வளவின் மறுகோடியில் தனியாக நிற்கிறது. பழைய கோழிகளுக்குத் தீன் போட்ட பிறகே அதனிடம் போகிறேன்.

தடுப்பு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதுமான அளவில் வருகிறது. பன்னிரண்டு கோழிக்கு ஒரு குப்பி வாங்கி மிச்சத்தை ஊற்றிவிட மனம் வராது, கரைத்தபின் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே எங்கள் ஒழுங்கையில் எட்டு வீட்டார் ஒரே நாளில் கோழிகளைக் கொண்டுவருகிறோம். ஐஸ் போட்ட போத்தலில் மருந்தைக் கொண்டுவந்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுகிறோம்.

கேள்வி கேட்டவர்: நிலாவெளிவாசி

அனைவருக்கும் நன்றி. அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். கொண்டை ஒரு பக்கம் சரிந்த சிவப்புப் பேட்டின் முட்டைதான் எப்போதும் மணக்கிறது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ரோட் ஐலன்ட் ரெட் குஞ்சுகளுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். அவை வருமுன் வேப்பமரத்தடியில் கூட்டை முடிக்க வேண்டும். எங்கள் வளவில் கீரி நடமாட்டம் அதிகம். கம்பிவலையை மணலுக்குள் எவ்வளவு ஆழத்துக்கு இறக்கினால் அது தோண்டி உள்ளே வராது என்று மட்டும் யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி 4: தம்பலகாமம் வயல்காரன்

மணலில் ஆழத்தை நம்பாதீர்கள் ஐயா. ஓர் அடி இறக்கி, அங்கிருந்து வெளிப்புறமாக இன்னோர் அடி கிடையாக மடித்துப் புதையுங்கள். சுவரோரமாகத்தான் கீரி தோண்டும். வலை காலில் தட்டியதும் விட்டுவிடும்.