அமெரிக்க உள்நாட்டுப் போரில் மிசூரி மாநிலம்: முன்னோர் எந்த மிலிஷியாவில் (உள்ளூர் ஆட்களைக் கொண்ட படையில்) இருந்தார் என்று கண்டுபிடிப்பது

வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் பெயர் இல்லை என்றதும் தேடலைக் கைவிடுபவர்கள் அதிகம். மிசூரி ஆள் என்றால் அது அவசர முடிவு. 1862 ஜூலையில் வடக்குத் தரப்பு ஜெனரல் ஸ்கோஃபீல்ட் போட்ட உத்தரவு எண் 19, ஆயுதம் தூக்கத் தெம்புள்ள ஆண்கள் எல்லாரையும் பெயர் பதியச் சொன்னது. அப்படி வந்ததுதான் என்ரோல்டு மிசூரி மிலிஷியா, சுருக்கமாக ஈஎம்எம். இது மாநிலப் படை. பதிவுகள் மிசூரி மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 'மிசூரி டிஜிட்டல் ஹெரிட்டேஜ்' தளத்தின் சோல்ஜர்ஸ் ரெக்கார்ட்ஸ் பகுதியில் வீரர்களின் சேவை அட்டைகளின் ஸ்கேனை இலவசமாகப் பார்க்கலாம்.

ஒரே ஆளுக்குப் பல அட்டைகள் இருக்கலாம். சில நாள் பணி, பிறகு வீடு, மறுபடி அழைப்பு என்றுதான் இந்தப் படை ஓடியது. முதல் அட்டையோடு நிறுத்திவிடாதீர்கள்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று: ரெஜிமென்ட் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள். '4-வது' என்றால் வாலன்டியர் (தன்னார்வலர்) குதிரைப்படையா, மிசூரி ஸ்டேட் மிலிஷியா (எம்எஸ்எம்) குதிரைப்படையா, ஈஎம்எம்மா, 1863-ன் புரொவிஷனல் (தற்காலிக) ஈஎம்எம்மா? நான்கும் தனித்தனி. எம்எஸ்எம் முழுநேரப் படை, செலவு மத்திய அரசுடையது. 1862 பிப்ரவரியில் காங்கிரஸ் அதற்கு 10,000 பேர் என்று உச்சவரம்பு வைத்தது. மத்திய அரசு செலவு என்பதால் எம்எஸ்எம் ஆட்களின் சேவைக் கோப்பு தேசியக் காப்பகத்தில் கிடைக்கும்; அந்தக் காப்பகத்தின் என்ஏடிஎஃப் 86 என்ற விண்ணப்பப் படிவத்தில் கேட்கலாம். பென்ஷனுக்குப் படிவம் 85. ஈஎம்எம்மில் மட்டும் இருந்தவருக்குப் பென்ஷன் கோப்பு பெரும்பாலும் இருக்காது, அதில் பணம் போடுமுன் யோசியுங்கள்.

* * *

ஒரே பெயரில் மூன்று பேர் வந்தால் கேப்டன் பெயரைப் பிடியுங்கள். கம்பெனிகள் (ரெஜிமென்ட்டின் சிறு பிரிவுகள்) அக்கம்பக்கத்து ஆட்களைக் கொண்டே திரண்டவை. 1860 சென்சஸில் உங்கள் ஆளின் அண்டை வீட்டார் பெயர்கள் அதே கம்பெனியில் தட்டுப்பட்டால் ஆள் சரி. ஜெர்மன் குடும்பம் என்றால் பதிவில் ஷ்மிட் ஸ்மித் ஆகியிருப்பார், முல்லர் மில்லர் ஆகியிருப்பார்.

1890 சென்சஸின் படைவீரர் பட்டியலில் மிசூரிப் பகுதி தப்பியிருக்கிறது, அதையும் பாருங்கள்.

* * *

ஈஎம்எம் அட்டை கிடைத்ததும் 'எங்கள் ஆள் லிங்கன் பக்கம்' என்று எழுதிவிடாதீர்கள். பதிவு கட்டாயம், தெற்கு ஆதரவாளர்களும் பெயர் கொடுத்தாக வேண்டியிருந்தது. 1863-ல் வடமேற்கு மிசூரியின் 81, 82-வது ரெஜிமென்ட்களில் பழைய கான்ஃபெடரேட் (தெற்குத் தரப்பு) வீரர்களே இருந்தார்கள். 'பாவ்பாவ் மிலிஷியா' (Paw Paw Militia) என்று ஊர் கேலி செய்தது இவர்களைத்தான். அந்த வட்டாரத்து ஆள் என்றால் கான்ஃபெடரேட் பதிவுகளிலும் அதே பெயரைத் தேடிப் பாருங்கள்.