பூச்சு கெடாமல் பழைய சுவர் டைல்ஸை எடுக்க முடியுமா?

கேள்வி:
சமையலறையைப் புதுப்பிக்கிறோம். மேடைக்கு மேலே இரண்டடி உயரத்துக்குப் பழைய டைல்ஸ், எண்ணெய்ப் பிசுக்கு ஏறி இடுக்கெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. நேற்று நடுவில் ஒன்றில் உளியை வைத்து அடித்தேன். டைல் சில்லுசில்லாகத் தெறித்து, கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் விழுந்துவிட்டது. இப்படியே போனால் செங்கல்தான் மிஞ்சும். வேறு வழி உண்டா, இல்லை பழையதன் மேலேயே புதுசை ஒட்டிவிடலாமா? மேடைக் கல்லை மாற்றவில்லை, அதில் அடி படக் கூடாது.

பதில் 1:
நடுவில் ஆரம்பித்ததுதான் தப்பு. ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால் எல்லா டைலையும் தட்டிக்கொண்டே போங்கள், உள்ளே காலியாக இருப்பதுபோலச் சத்தம் வருவதை பென்சிலில் குறித்துவையுங்கள், அவை பாதி கழன்றவை. மேல் வரிசையின் விளிம்பு திறந்திருக்கும் இல்லையா, அங்கிருந்து கீழே வாருங்கள். முதலில் இடுக்கை அடைத்திருக்கும் கலவையை (கிரவுட்) சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை அடிக்கும்போது பக்கத்து டைலும் சேர்ந்து இழுக்கும். அப்புறம் அகலமான தட்டை உளி. அதைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துத் தட்டுங்கள், நிமிர்த்திப் பிடித்தால் அது நேரே பூச்சுக்குள்தான் இறங்கும்.

விழுந்த துண்டின் முதுகைப் பாருங்கள். சீப்பால் வாரியது போல வரிவரியாக இருந்தால் டைல் பசை, தடிமனாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் சிமெண்ட் கலவை. கலவை என்றால் பூச்சை முழுசாகக் காப்பாற்றும் ஆசையை விட்டுவிடுங்கள், அங்கங்கே வரத்தான் செய்யும்.

பதில் 2:
ஸ்விட்ச் பாக்ஸ் இருக்கும் சுவரா? அதிலிருந்து நேர் மேலேயும் கீழேயும் ஒயர் ஓடும், மெயினை அணைத்துவிட்டுத்தான் உளியைத் தொட வேண்டும். குழாய் இருக்கும் இடத்தில் தண்ணீர் வால்வையும் மூடிவிடுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், உடைந்த டைல் பிளேடு மாதிரி கிழிக்கும், என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. கிளம்பும் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா உண்டு, கைக்குட்டை போதாது, என்95 மாஸ்க் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டே செய்யுங்கள். மேடைக் கல் மேல் பழைய போர்வை, அதன் மேல் பலகை. சிங்க் ஓட்டையைத் துணியால் அடைக்க மறக்காதீர்கள், கலவைத் துண்டு உள்ளே போனால் அது தனி வேலை.

பதில் 3:
மேலேயே ஒட்டலாம், ஆனால் பழையது எல்லாமே கெட்டியாக இருந்தால்தான். பிசுக்கைச் சுத்தமாகக் கழுவி, பளபளப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதற்கென்றே உள்ள பசையில் ஒட்ட வேண்டும், வெறும் சிமெண்ட் பிடிக்காது. சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் வரும், ஸ்விட்ச் பாக்ஸ் உள்வாங்கிவிடும், மேடை அந்த அளவு குறுகும். உங்களுக்குத்தான் பூச்சே கையோடு வருகிறதே, அந்தச் சுவரை நம்பி இன்னொரு எடையை ஏற்ற நான் சொல்ல மாட்டேன்.

கேட்டவர்:
தட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் காலிச் சத்தம்தான். முதுகிலும் சிமெண்ட். சரி, எடுத்துவிடுகிறேன். பூச்சு போன இடத்தை அப்படியே பசையால் நிரப்பி ஒட்டலாமா?

பதில் 1:
சின்னச் சின்னக் குழி என்றால் சரி. உள்ளங்கை அகலம் என்கிறீர்கள், அதற்கு ஓரத்தில் ஆடுவதையெல்லாம் கொத்தித் தள்ளி, நனைத்து, புதுப் பூச்சு பூசி, ஏழு நாளாவது தண்ணீர் காட்டுங்கள். அது காய்ந்த பிறகு டைல் வாங்கப் போனாலும் போதும்.