பீட்ரூட் சாயம் வெந்நீரில் ஏன் இப்படிக் கொட்டுகிறது?

கேள்வி: மகளுக்காக நேற்று பீட்ரூட் துண்டுகளை நன்றாகக் கழுவி, பச்சைத் தண்ணீரிலும் கொதிக்கிற நீரிலும் போட்டேன். பத்து நிமிடத்தில் வெந்நீர் கருஞ்சிவப்பு. மற்றது லேசான ரோஸ்தான். ஏன்?

பதில்: சாயம் செல்லுக்குள் ஒரு பையில் இருக்கிறது. பையைச் சுற்றியும் செல்லைச் சுற்றியும் சவ்வு, அதாவது இரண்டடுக்குக் கொழுப்பு. ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு. தலைகள் நீரைப் பார்த்து நிற்கும், வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ளும். இடையிடையே புரதங்கள். சூட்டில் புரதம் குலைந்து, அடுக்கு தளர்ந்து, சாயம் கசிகிறது.

இன்னொருவர்: 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற விஞ்ஞானிகள் இருவரும் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை நீர்மேல் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது, அதாவது சவ்வில் கொழுப்பு இரண்டடுக்கு! எத்தனை அழகான சோதனை!

கேட்டவர்: சரி, சவ்வு கொழுப்பு என்றால் தண்ணீர் எப்படி செல்லுக்குள் போகும்?

பதில்: கொஞ்சம் கொழுப்பினூடே. வேகமாகப் போக அக்வாபோரின் என்ற புரதக் குழாய் உண்டு. அதைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் நோபல்.