ஷாக்கப்சர் கீழ் போல்ட்டு துரு புடிச்சு ஞாயித்துக்கெழமைய தின்ன கதை, உங்க அனுபவமும் சொல்லுங்க

வீடு சேலம் அஸ்தம்பட்டி, வேலை ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸ்ல. வாரத்துக்கு நாலு நாள் அந்த 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி எறங்கணும்ங்க. வண்டி பழைய டீசல் கார், தூத்துக்குடில கடலுக்குப் பக்கத்துல ஓடிட்டு இருந்தத செகண்ட் ஹேண்ட்ல புடிச்சேன். பெயிண்ட்டு பளபளன்னு இருந்துச்சு, இன்ஜின் சத்தம் கேட்டேன், ஏசி போட்டுப் பாத்தேன், அடியில மட்டும் குனிஞ்சு பாக்கல.

போன ஐப்பசி மழையில எறங்கி வரும்போது ஒவ்வொரு வளைவுலயும் பின்பக்கம் தொட்டில் மாதிரி ஆட ஆரம்பிச்சுது, அடிவாரம் ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குனா தொம்முன்னு சத்தம். வீட்டுக்கு வந்து டிக்கி மேல கைய வெச்சு அமுக்கி விட்டேன், ஒரே தடவை எந்திரிச்சு நிக்க வேண்டியது மூணு நாலு ஆட்டம் போட்டுட்டு தான் நின்னுச்சு. படுத்து டார்ச் அடிச்சா பின்னாடி ரெண்டு ஷாக்கப்சர்லயும் ஆயில் வழிஞ்சு அதுமேல செம்மண்ணு அப்பிக் கெடக்கு. சரி இதென்ன பெரிய வித்தை, மேல ஒரு நட்டு கீழ ஒரு போல்ட்டு தானே, காலைல ஆரம்பிச்சா பிரியாணிக்குள்ள முடிஞ்சிரும்னு மச்சானையும் வரச் சொல்லிட்டேன்.

மேல் நட்டு திருகும்போது ராடும் கூடவே சுத்துச்சு, ராடு நுனிய ஒரு ஸ்பேனரால புடிச்சுக்கிட்டு கழட்டுனோம், வந்துருச்சு. வலது பக்கம் கீழ் போல்ட்டும் கொஞ்சம் முனகிட்டு வந்துருச்சு. எடது பக்கம் தான்ங்க. ஸ்பேனர்ல பைப்ப சொருகி ரெண்டு பேரும் தொங்குனா போல்ட்டு கால் சுத்து திரும்புது, ஆஹா வந்துருச்சுடான்னு கைய விட்டா ரப்பர் பேண்ட் மாதிரி பழைய எடத்துக்கே போய் நிக்குது. இப்புடியே ஒரு மணி நேரம். மச்சான் மரை தான் இறுகிப் போச்சுன்னு சொல்லி நட்டு பக்கமே ஸ்ப்ரே அடிச்சு அடிச்சு பாதி டப்பாவ காலி பண்ணிட்டாரு.

அப்பறம் தான் புரிஞ்சுது. ஷாக்கப்சர் கீழ் கண்ணுக்குள்ள, அதாவது போல்ட்டு போற வளையத்துக்குள்ள, ரப்பர் புஷ்ஷு, அதுக்குள்ள ஒரு இரும்புக் குழாய், அதுக்குள்ள தான் போல்ட்டு போகுது. துரு புடிச்சது மரைல இல்ல, போல்ட்டும் அந்தக் குழாயும் ஒண்ணா ஒட்டிப் போச்சு. நாம திருப்புனா குழாயும் சேந்து திரும்புது, ரப்பர் முறுக்கிக்குது, விட்டா திரும்ப இழுத்துக்குது. நட்டு மேல எத்தனை டப்பா அடிச்சாலும் ஒரு பிரயோஜனமும் இல்ல, குழாயோட ரெண்டு வாயிலயும் எறங்கணும். இது தெரியறதுக்குள்ள பன்னெண்டு முனை ரிங் ஸ்பேனர போட்டு போல்ட்டுத் தலைய மழுங்கடிச்சாச்சு, ஆறு முனை பாக்ஸ் போட்டிருந்தா தலையாவது மிஞ்சியிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செய்யற ஊருல உக்காந்துக்கிட்டு ஒரு துருப்புடிச்ச போல்ட்டுகிட்ட ரெண்டு ஆம்பளைங்க தோத்துப் போனோம்.

சாயங்காலம் மேல் நட்ட திரும்ப மாட்டி, திங்கக்கெழமை மெதுவா உருட்டிக்கிட்டே தெரிஞ்ச பட்டறைக்குப் போனேன். அவரு பாத்துட்டு சிரிச்சாரு, எப்புடியும் குப்பைக்குப் போற ஷாக்கப்சர் தானே சார், அத ஏன் காப்பாத்தப் பாத்தீங்கன்னு கேட்டுட்டு புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல இருக்குற சந்துல ரெண்டு பக்கமும் பிளேடு விட்டு அறுத்தாரு. ஷாக்கப்சர் கைல வந்துருச்சு. மிச்ச துண்டு ஆக்ஸில்ல வெல்டு பண்ணியிருக்குற நட்டுக்குள்ள நிக்குது, அதோட முனைல ஒரு பழைய நட்ட வெச்சு வெல்டு அடிச்சு, அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள திருப்புனாரு, வெண்ணெய் மாதிரி வந்துச்சு. ஆனா புது போல்ட்டு கடைல இல்ல, நாளைக்கு வரும்னுட்டாங்க. அதே சைஸ்ல ஹார்டுவேர் கடை போல்ட்டு போடலாமான்னு கேட்டேன், மலை எறங்குற வண்டிக்கு அதெல்லாம் வேண்டாம், அந்த கிரேடு இருக்காதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. அதனால ஒரு போல்ட்டுக்காக இன்னொரு நாளும் போச்சு.

இந்த மாதிரி மாட்டிக்கிட்டவங்க சொல்லுங்க.

* * *

தம்பி, நான் கோரிமேட்டுல பட்டறை வெச்சிருக்கேன். வெல்டு அடிக்கறதுக்கு முன்னாடி பேட்டரிய கழட்டுனாரா? ஏபிஎஸ் வண்டியா இருந்தா சக்கரத்துகிட்ட வர்ற ஒயரையும் பாத்துக்கணும். பெட்ரோல் வண்டின்னா நான் டேங்க் பக்கத்துல நெருப்பே காட்டமாட்டேன், அறுத்துட்டு துண்ட டிரில் போட்டு தான் எடுப்பேன். இன்னொண்ணு, நெறைய பேரு ஷாக்கப்சர் மேலயே கேஸ் நெருப்ப காட்றாங்க, உள்ள கேஸும் ஆயிலும் அடைச்சு வெச்சது அது, சூடேறுனா வெடிக்கும், எரியற ரப்பர் புகையும் நல்லதில்ல.

எங்க பட்டறைல மழைக்காலத்துல மலை வண்டி வந்தா அன்னைக்கே கழட்ட மாட்டோம். மொதல்ல கம்பி பிரஷ் போட்டு மரை வெளிய தெரியற எடத்துல இருக்குற மண்ண எடுப்போம், துரு எளக்கற ஆயில அடிச்சு ராத்திரி முழுக்க விட்டுருவோம். காலைல கழட்டும்போது மொதல்ல இறுக்கற பக்கம் ஒரு நூல் அளவு திருப்பணும், அப்பறம் கழட்டற பக்கம், முன்ன பின்ன முன்ன பின்னன்னு. நேரா கழட்டற பக்கமே பைப்ப போட்டு தொங்குனா போல்ட்டு முறிஞ்சிரும். சுத்தியல் போடறதா இருந்தா நட்ட முனை வரைக்கும் திருகி விட்டுட்டு அதுமேல போடு, மரை நசுங்காது.

* * *

நான் நாகலூர் பக்கம். எங்களுக்கு மூணு மாசம் பனிக்குள்ள தான் வண்டி நிக்குது, காய்றதே இல்ல. எனக்கு ஷாக்கப்சர் போல்ட்டெல்லாம் சமத்தா வந்துச்சு, முன்னாடி ஸ்ட்ரட்டுல (ஸ்பிரிங்கும் ஷாக்கப்சரும் ஒண்ணா சேந்தது) மாட்டியிருக்குற ஸ்டெபிலைசர் லிங்க் நட்டு தான் அழ வெச்சுது, வளைவுல வண்டி சாயாம புடிக்கற கம்பிய ஸ்ட்ரட்டோட சேக்கற சின்ன ராடு தான் அந்த லிங்க். நட்ட திருப்புனா உள்ள பால் ஜாயிண்ட்டும் கூடவே சுத்துது. நடுவுல ஆலன் கீ போட்டு புடிச்சுக்கணும்னு சொல்றாங்க, அந்த ஓட்டை பூரா துரு, கீய போட்டதும் ஓட்டை வட்டமா ஆயிருச்சு. கடைசில லிங்க்கையே அறுத்து எறிஞ்சுட்டு புதுசு ரெண்டு வாங்குனேன். இப்ப யார் ஸ்ட்ரட் மாத்தப் போனாலும் லிங்க்கும் சேத்து வாங்கிட்டுப் போங்கன்னு தான் சொல்றேன், வெலை ஒண்ணும் பெருசா இல்ல, கோபம் தான் பெருசு. பிரேக் ஹோஸ் ஸ்ட்ரட்டோட ஒரு கிளிப்புல மாட்டியிருக்கும், அத கழட்டாம ஸ்ட்ரட்ட இழுத்துராதீங்க, நான் இழுக்கப் போயி எங்க வீட்டுக்காரர் கத்துன கத்துல நிறுத்துனேன்.

* * *

என்னோடது 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல நின்ன வண்டி. விக்கறவரு சொல்லல, ஓமலூர்ல ஷாக்கப்சர் கழட்டும்போது கீழ் போல்ட்டே சொல்லிருச்சு. நாலு போல்ட்டுல மூணு அறுப்பு. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

* * *

பதிவு போட்டவன் தான். அண்ணா, பேட்டரி கழட்டுனாரு, ஈரச் சாக்கையும் டேங்க் பக்கம் மறைச்சுக் கட்டுனாரு, சொல்ல விட்டுட்டேன். அக்கா, லிங்க் கதைய முன்னாடியே படிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும், ஏன்னா போன வாரம் முன்பக்கமும் ஒழுக ஆரம்பிச்சு இந்த சனிக்கெழமை பட்டறைல விட்டேன். முன்பக்கத்த வீட்டுல தொடவே இல்ல, ஸ்பிரிங்க அமுக்காம ஸ்ட்ரட்டு மேல் நட்ட கழட்டுனா மூஞ்சில தான் வந்து அடிக்கும், அந்த வெளையாட்டுக்கு நான் வரல. ஸ்ட்ரட் போல்ட்டு ரெண்டும் கழட்டுனதால சக்கரத்தோட சாய்வு மாறியிருக்கும்னு அலைன்மெண்ட்டும் பாத்தாச்சு.

பின்னாடி ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். வண்டிய ஜாக்கில தூக்கி சக்கரம் தொங்கும்போது கீழ் போல்ட்ட முழுசா இறுக்கக் கூடாதாம். அப்புடி இறுக்குனா வண்டி கீழ எறங்குனதும் புஷ்ஷு முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சிரும். கையால மாட்டிட்டு, வண்டிய தரையில நிறுத்தி, அப்பறம் இறுக்குனாரு. போல்ட்டு உடம்புல, குழாய்க்குள்ள போற பகுதில மட்டும் லேசா காப்பர் கிரீஸ் தடவுனாரு, மரைக்குத் தடவல. கேட்டதுக்கு, மரை வழுக்குச்சுன்னா இறுக்கம் அளவுக்கு மேல போயிரும்னு சொன்னாரு.

மழுங்குன அந்த போல்ட்டுத் தலைய மச்சான் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு, அவரு ஷோகேஸ்ல வெச்சிருக்காரு.

* * *

தம்பி, அடுத்த தடவை ஜாக்கி மட்டும் போட்டு படுக்காத, ஸ்டாண்டு வெச்சியான்னு எங்கயும் எழுதல நீ.

* * *

வெக்கலண்ணா. பின்சக்கரத்த கழட்டி அடியில போட்டு வெச்சிருந்தோம், அவ்ளோதான். இன்னைக்கே ரெண்டு வாங்கறேன்.