120 படத்துக்கு மேல் பேட்டரி தாங்கவில்லை, தைப்பூசத்துக்குள் சரிசெய்ய முடியுமா?

ஈசூன் நிலா (வெள்ளி, இரவு 10.40)

வணக்கம். என்னிடம் ஐந்து வருடமாக ஒரு மிரர்லெஸ் கேமரா இருக்கிறது. பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் இழை முழுக்க அந்தச் சண்டைதான் நடக்கும்.

கொஞ்ச நாளாக இது பேட்டரியைக் குடிக்கிறது. பொங்கலன்று இங்கே சிங்கப்பூர் தேக்காவில் படம் எடுக்கப் போனேன். கிளம்பும்போது 100 விழுக்காடு. 120 படம்கூட ஆகவில்லை, சிவப்பு காட்டிவிட்டது. மாற்று பேட்டரியைப் போட்டேன், அது 40 காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிட்டது. பால் பொங்கி எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்று கூவும்போது என் கையில் இருந்தது வெறும் பெட்டி.

விவரம்: ஒன்று கேமராவோடு வந்த அசல் பேட்டரி, 7.2 வோல்ட், 1020 மில்லி ஆம்பியர் மணி. இன்னொன்று போன வருடம் இணையத்தில் மலிவாக வாங்கியது, மேலே 2000 என்று போட்டிருக்கிறது. ஒரு முழு சார்ஜுக்குத் திரையில் பார்த்து எடுத்தால் 360 படம், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் 310 என்கிறது கையேடு. திரை வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. பையில் சும்மா கிடந்தாலும் காலையில் குறைந்துதான் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு அக்கா மகன் பால்குடம் எடுக்கிறான். அதற்குள் ஏதாவது வழி உண்டா?

உட்லண்ட்ஸ் தம்பி (வெள்ளி, இரவு 10.58)

அக்கா, ஐந்து வருடப் பேட்டரி என்றால் ஆயுள் முடிந்தது. புதிதாக அசல் ஒன்று வாங்கிப் போடுங்கள், அவ்வளவுதான் லா.

தோ பாயோ மாமா (வெள்ளி, இரவு 11.25)

தம்பி, அவசரப்படாதே. நிலா, நீங்கள் போகிற போக்கில் சொன்ன வரிதான் முக்கியம்: "பையில் சும்மா கிடந்தாலும் குறைந்துதான் இருக்கிறது." அணைத்து வைத்த கேமராவில் ஒரே இரவில் சார்ஜ் இறங்குகிறது என்றால் பேட்டரி தானாகக் கசிகிறதா, கேமரா உறிஞ்சுகிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அது தெரியாமல் புதிது வாங்கினால் புதியதையும் இது குடிக்கும்.

இரண்டு இரவு போதும். அசல் பேட்டரியையே வைத்துச் செய்யுங்கள், மற்றது காட்டும் விழுக்காட்டை நம்ப முடியாது. முதல் இரவு முழு சார்ஜ் ஏற்றி, கழற்றி மேசைமேல் வையுங்கள். காலையில் போட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி முழுதாக ஏற்றி, இரண்டாவது இரவு கேமராவுக்குள்ளேயே, அணைத்த நிலையில் விடுங்கள். காலையில் திரும்பக் குறியுங்கள்.

அப்புறம் அந்த 360. அது சோதனைக்கூடக் கணக்கு. சிப்பா என்ற ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம் வகுத்த முறை அது. 23 டிகிரி அறையில், 30 விநாடிக்கு ஒரு படம், ஒரு படம் விட்டு ஒரு படத்துக்கு ஃபிளாஷ், பத்துப் படத்துக்கு ஒருமுறை அணைத்துப் போடுவது என்று போகும். ஃபிளாஷ் இல்லாமல் மடமடவென்று எடுப்பவருக்கு 360-க்கு மேலேயே கிடைக்கும். ஒரு படம் எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் திரையைப் பார்த்து ரசிப்பவருக்கு 150 கிடைத்தால் பெரிது. மிரர்லெஸ்ஸில் ஷட்டர் சாப்பிடுவது கொஞ்சம்தான். படத்தைப் பிடிக்கும் சென்சாரும் திரையும் விழித்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும்தான் செலவு.

ஈசூன் நிலா (திங்கள், காலை 7.10)

மாமா, செய்துவிட்டேன். மேசைமேல் இருந்த இரவு: காலையில் 99. கேமராவுக்குள் இருந்த இரவு: காலையில் 71! ஒன்பது மணி நேரம், ஒரு பொத்தானைக்கூட யாரும் தொடவில்லை. என் பிள்ளைகளை விசாரித்தாயிற்று, தொடவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள்.

தோ பாயோ மாமா (திங்கள், காலை 7.32)

பிள்ளைகளை விட்டுவிடுங்கள், திருடன் கேமராவுக்குள்தான் இருக்கிறான்.

பொங்கோல் பறவை (திங்கள், மதியம் 12.50)

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். ஒரு கேள்வி: கைப்பேசியை எப்போது மாற்றினீர்கள்?

ஈசூன் நிலா (திங்கள், மதியம் 1.05)

தீபாவளிக்கு வாங்கினேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பொங்கோல் பறவை (திங்கள், மதியம் 1.20)

அப்படித்தான் நினைத்தேன். புதுப் போனில் கேமரா செயலியை ஏற்றி புளூடூத்தில் இணைத்திருப்பீர்கள். அப்போது "இடக் குறியீட்டைப் பதியவா", "படங்களைத் தானாக அனுப்பவா" என்று வரிசையாகக் கேட்கும், நாமும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்திவிடுவோம். பல மாடல்களில் கேமராவை அணைத்த பிறகும் இந்த இணைப்பு விழித்திருக்கும். நீங்கள் தூங்கும்போது அது வைஃபையை எழுப்பி, எடுத்த படங்களைச் சின்ன அளவாக்கிப் போனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். போனில் இடம் இல்லாமலோ செயலி உறங்கிப்போயோ இருந்தால் அனுப்பி முடியாது, திரும்பத் திரும்ப முயலும்.

மெனுவில் வயர்லெஸ் பக்கத்துக்குப் போய், அணைத்திருக்கும்போதும் இணைந்திரு என்ற வகையில் எது இருந்தாலும் அணையுங்கள். பெயர் ஒவ்வொரு கேமராவிலும் வேறு. தேடப் பொறுமை இல்லையென்றால் ஏர்பிளேன் மோடைப் போட்டுவிட்டு இன்றிரவு மாமாவின் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், சுங்கை பூலோவில் மீன்கொத்திக்காகக் காலை ஆறரைக்குப் போய் உட்கார்ந்து, கேமராவைத் திறந்தால் 12 விழுக்காடு. மீன்கொத்தி வந்தது, மீனைப் பிடித்தது, தின்றது, போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈசூன் நிலா (செவ்வாய், காலை 6.55)

98!!! ஏர்பிளேன் மோட் போட்ட இரவு 98. பறவை அண்ணே, கோடி நன்றி. போனைப் பார்த்தேன், இடம் நிரம்பி வழிகிறது.

ஆனால் நேற்று மாலை செம்பவாங் பூங்காவில் எடுத்துப் பார்த்ததில் அசலில் 190 படம்தான் வந்தது. 120-ஐவிடப் பரவாயில்லை, 310 எங்கே?

தோ பாயோ மாமா (செவ்வாய், காலை 9.15)

இப்போது பேட்டரியின் முறை. இரண்டிலும் உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்துவிடலாம். யூஎஸ்பி மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி கிடைக்கும், பத்துப் பதினைந்து வெள்ளி. உங்கள் சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே சொருகினால் எவ்வளவு மின்சாரம் உள்ளே போனது என்று வாட்-மணிக் கணக்கில் காட்டும்.

கணக்கு இதுதான். 7.2 வோல்ட்டை 1.02 ஆம்பியர் மணியால் பெருக்கினால் ஏறத்தாழ 7.3 வாட்-மணி. சார்ஜ் ஏற்றும்போது கொஞ்சம் சூடாக வீணாகும், அதனால் நல்ல பேட்டரி காலியிலிருந்து நிரம்ப எட்டரை, ஒன்பது வாட்-மணி இழுக்கும். அதற்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வயதாகிவிட்டது.

மலிவு பேட்டரியின் 2000 உண்மையானால் 14.4 வாட்-மணி வர வேண்டும். அதே அளவு பெட்டிக்குள் இரண்டு மடங்கை எங்கிருந்து அடைப்பார்கள்? அளந்துவிட்டுச் சொல்லுங்கள், சிரிப்போம். அளக்கும்முன் அதைத் தட்டையான மேசைமேல் வைத்துப் பாருங்கள், ஆடுகிறதா? கேமராவிலிருந்து எடுக்கும்போது இறுக்கமாக இருக்கிறதா? அப்படியானால் வீங்கியிருக்கிறது, சார்ஜ் ஏற்றவே வேண்டாம்.

உட்லண்ட்ஸ் தம்பி (செவ்வாய், காலை 9.40)

மல்டிமீட்டர் போதாதா மாமா? வீட்டில் சும்மா கிடக்கிறது.

தோ பாயோ மாமா (செவ்வாய், காலை 10.05)

போதாது. உள்ளே இரண்டு செல் தொடராக இருக்கிறது, முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2, மொத்தம் 8.4 வோல்ட். கிழப் பேட்டரியும் ஏற்றிய கையோடு அளந்தால் 8.3, 8.4 காட்டும். குடம் நிறைந்திருக்கிறது என்று தெரியும், குடம் எவ்வளவு பெரிது என்று தெரியாது. தவிர, முனைகள் மிக நெருக்கம். ஊசி வழுக்கி இரண்டையும் தொட்டால் தீப்பொறிதான்.

ஈசூன் நிலா (வியாழன், இரவு 9.30)

மாமா, மலிவு பேட்டரி ஆடவில்லை. அதனால் அதையே முதலில் அளந்தேன்: 4.1 வாட்-மணி. சிரிக்கத் தோன்றவில்லை. அசல்: 6.4.

அளந்து முடித்து மலிவு பேட்டரியைச் சார்ஜரிலிருந்து எடுக்கும்போது நல்ல சூடு. ஆறவைத்துத் திரும்ப மேசைமேல் வைத்தேன், இப்போது ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. விரலால் தொட்டால் ஆடுகிறது. பயமாக இருக்கிறது.

தோ பாயோ மாமா (வியாழன், இரவு 9.41)

கேமராவில் போடாதீர்கள், மறுபடி ஏற்றாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள். முனைகளின்மேல் டேப் ஒட்டி, மண்சட்டி மாதிரி தீப்பிடிக்காத ஒன்றில் போட்டு, துணி காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். புளோக்கின் குப்பைக் குழாயில் மட்டும் தள்ளிவிடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். கடைத்தொகுதிகளில் இருக்கும் மின்கழிவுப் பெட்டிகளிலும் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டாம். எதை ஏற்பார்கள் என்று மேலே ஒட்டியிருப்பார்கள். வீங்கியதை எங்கே கொடுப்பது என்று தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் கேட்டுவிடுங்கள்.

உங்கள் அசலுக்கு முக்கால் வாசி உயிர் இருக்கிறது. அதைத் தூக்கிப் போடத் தேவையில்லை. மாற்றுக்கு ஓர் அசல் வாங்கினால் தைப்பூசத்துக்குப் போதும். தம்பி சொன்னதில் பாதி சரி.

உட்லண்ட்ஸ் தம்பி (வியாழன், இரவு 9.44)

பாதியாவது கிடைத்ததே.

பொங்கோல் பறவை (வியாழன், இரவு 10.20)

முக்கால் வாசி உயிர் என்றால் வியூஃபைண்டரில் 230 வர வேண்டும், உங்களுக்கு 190. மிச்சம் எடுக்கும் பழக்கத்தில் போயிருக்கும். கேமராவைக் கழுத்தில் மாட்டி நடக்கும்போது அணைக்கிறீர்களா? திரைக்கு மேலே கண்ணைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. வயிற்றில் உரசினால் கண் வந்துவிட்டது என்று நினைத்து வியூஃபைண்டரை ஏற்றிக்கொண்டே இருக்கும், கேமரா தூங்காது. கூட்டத்தில் இது இன்னும் மோசம். நடக்கும்போது அணைத்துவிடுங்கள், போட்டால் ஒரு நொடியில் எழுந்துவிடும்.

பொத்தானைத் தொடுமுன்பே ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும் செட்டிங் ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள். தானாகத் தூங்கும் நேரத்தை ஒரு நிமிடமோ அதற்குக் கீழோ வையுங்கள். எடுத்த ஒவ்வொன்றையும் உடனே காட்டுவதையும் நிறுத்தலாம், நான் நிறுத்தவில்லை, மனசு கேட்காது.

செங்காங் அம்மா (வெள்ளி, காலை 8.15)

இடையில் ஒரு சந்தேகம். நான் பேட்டரியை முழுதாக ஏற்றி, கேமராவோடேயே ட்ரை பாக்ஸில் வைத்திருக்கிறேன். மாதக்கணக்கில் தொடுவதில்லை. சரியா?

தோ பாயோ மாமா (வெள்ளி, காலை 8.50)

ட்ரை பாக்ஸ் லென்ஸுக்குப் பூஞ்சை வராமல் இருக்கத்தானம்மா, பேட்டரியைக் காப்பாற்ற அல்ல. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றி, வீட்டில் குளிர்ச்சியான ஒரு மூலையில் வையுங்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் சீக்கிரம் கிழடாகிவிடும், நம் ஊரில் சூட்டுக்குப் பஞ்சமா? பாதியிலும் அப்படியே மறந்துவிடாதீர்கள், அடி வரை காலியாகிவிட்டால் பிறகு ஏறவே ஏறாது.

ஈசூன் நிலா (தைப்பூசத்துக்கு மறுநாள், மாலை 5.30)

எல்லாருக்கும் நன்றி. பெருமாள் கோயிலில் விடியுமுன் தொடங்கி டேங்க் ரோடு கோயில் வரை நடந்தோம். பழைய அசலில் 247 படம், புது அசலில் 305 எடுத்தும் 22 விழுக்காடு மிச்சம். ஏர்பிளேன் மோட், நடக்கும்போது அணைப்பு, இரண்டையும் விடவில்லை. அக்கா மகன் கோயில் வாசலில் குடத்தைச் சாய்க்காமல் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடி, கேமரா அணைந்திருந்தது, போட்டேன், எழுந்தது, கிடைத்தது.

வீங்கியது மண்சட்டியில், வாசலுக்கு வெளியே தனியாக இருக்கிறது. நாளை வாரியத்துக்குப் பேசுகிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி என்ன செடி நட்டிருக்கிறாய் என்று கேட்டார்.